வயிறு காயக் கூடாத பிள்ளை

யாழினி மூன்றாவது தடவை வாந்தி எடுத்தபோது காலை ஏழரை மணி இருக்கும். வந்தது வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஐந்து நிமிடம் முன்னால் நான் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது, வெதுவெதுப்புகூட ஆறாமல் என் மடியில் வந்து விழுந்தது.

அப்போது அவளுக்கு ஆறு வயது. காய்ச்சல் அதிகமில்லை. நெற்றி லேசாகச் சுட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு இஸ்கூல் லீவுதானேம்மா?" என்று கேட்டாள்.

லீவுதான். அன்றைக்கு ஹர்த்தால். கேரளத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடை கிடையாது, பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. சொந்த வண்டியை எடுத்தாலும் முக்குக்கு முக்கு மறிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் கதிர்வேல் தோப்பில் இருந்தார். பாலக்காட்டு எல்லையோரம் பெருமாட்டிப் பக்கம் எங்களுக்கு வீட்டை ஒட்டியே தென்னந்தோப்பு. பின்வாசலில் நின்று, "ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கை கால் சேற்றோடு ஓடி வந்தார்.

"எத்தன தடவ?"

"மூணு."

"ராத்திரி என்ன தின்னா?"

"அரை இட்லி."

கையைக்கூடக் கழுவாமல் சாவியைத் தேடப் போனார்.

அவருடைய அக்கா பக்கத்து வீடுதான். எனக்கு நங்கை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு வாந்திக்கு எதுக்கு அம்மிணி இந்தப் பதட்டம்? ஒரு வேளை வயித்தக் காயப் போடு. தன்னால நிக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளைகளும் சாயங்காலம் எழுந்து விளையாடப் போய்விடும். என் பிள்ளையின் வயிறு காய்ந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள். அது ஏன் என்று சொல்ல, வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வேறு கதைக்குப் போக வேண்டும்.

தேங்காயும் இரும்பும்

நான் உயிரியல் டீச்சர். வருஷா வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு நொதிகள் பாடம் எடுப்பேன். பிள்ளைகள் என்சைம் என்றுதான் சொல்வார்கள். சொல் எதுவானாலும் பாடத்தை ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன்.

"சர்க்கரைய வாணலியில போட்டா கருகிப் புகையறதுக்கு எவ்வளவு சூடு வேணும்? அதே சர்க்கரை உங்க உடம்புக்குள்ள இப்ப எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது. தொட்டுப் பாருங்க. எங்க சுடுது?"

பிள்ளைகள் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் தேங்காய்க்கு வருவேன். தோப்புக்காரப் பிள்ளைகள்தானே பாதிப் பேர்.

வெறுங்கையால் ஒரு தேங்காயை உரிக்க முடியுமா? முடியும். நகம் பிய்ந்து, அரை நாள் போகும். அதையே மண்ணில் நட்ட இரும்பில் குத்தித் திருகினால் மூன்று திருகல். தேங்காயும் அதுதான், உள்ளே இருக்கும் பருப்பும் அதுதான். இரும்பு எதையும் புதிதாகக் கொடுக்கவில்லை. உரிக்கத் தேவைப்படும் பாட்டைக் குறைத்தது, அவ்வளவுதான். அடுத்த தேங்காய்க்கும் அதே இரும்பு அப்படியே நிற்கும். செல்லுக்குள் நொதி செய்யும் வேலை இதுதான். ஒரு வேதிவினை தொடங்குவதற்கே கொஞ்சம் ஆற்றல் வேண்டும். அந்தத் தொடக்கச் செலவை நொதி குறைக்கிறது. இல்லாவிட்டால், நடக்க வேண்டிய வினை ஆயுசுக்கும் நடக்காமல் கிடக்கும்.

சாப்பிட்ட சாப்பாட்டின் சர்க்கரை சில மணி நேரம் தாங்கும். ஈரல் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும். அதுவும் தீர்ந்தால் உடம்பு கொழுப்பை எடுக்கும். கொழுப்பு நீளமான சங்கிலி. அதைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் எரிக்க முடியும். நீளச் சங்கிலியை நறுக்க ஒரு நொதி, நடுத்தரச் சங்கிலிக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று.

இதைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் எழுதியிருப்பேன்! மூன்று அம்புக்குறி போட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். நடு அம்புக்குறி இல்லாத பிள்ளை ஒன்று என் வயிற்றில் பிறக்கும் என்று நினைத்ததில்லை.

ஒன்றில்லை, இரண்டு.

டாக்டர் கேட்ட கேள்வி

யாழினிக்கு ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு வந்தது. பால் வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தூங்கினாள். விடிந்து தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. துணி மாதிரி தொங்கினாள். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் விழித்தாள். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். பல நாள் கழித்து முடிவு வந்தது. குழந்தை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. இவளுக்கு ஒரு நொதி வேலை செய்யவில்லை, நல்ல நாளில் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருப்பாள், பட்டினி கிடந்தால்தான் ஆபத்து என்றார். உடம்பில் கொழுப்பு இருக்கும், எரிக்க முடியாது. நேரத்துக்கு நேரம் சாப்பாடு கொடுங்கள். காய்ச்சல், வாந்தி என்றால் காத்திருக்காமல் குளுக்கோஸ் ஏற்றுங்கள். தேங்காய் எண்ணெயில் இந்த நடுத்தரக் கொழுப்பு இருக்கிறது, அதைத் தள்ளியே வையுங்கள்.

தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் அன்றிலிருந்து கடலை எண்ணெய்தான்.

நான் டீச்சர் ஆயிற்றே, எல்லாம் புரிந்தது. தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியாக அவர், "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

"அத்தை பையன்தானுங்க" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்னால குழந்தை ஏதாச்சும்..." என்று பாதியில் நிறுத்தினார்.

அந்த அறையின் மின்விசிறி டக் டக்கென்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. கதிர்வேல் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

முகிலன்

வாரா வாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை அவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எங்கள் முதல் பிள்ளை முகிலன். பதினொரு மாதம் இருந்தான். கொழுகொழுவென்று இருப்பான். சோறு கொட்டினால் எறும்பை விரலால் துரத்துவான்.

இரண்டு நாள் சளி, காய்ச்சல். மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டு அசந்து தூங்கினான். கதிர்வேல் பால் டம்ளரோடு வந்து, "எழுப்பிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளாக் கண்ண மூடல. தூங்கட்டும், விடுங்க" என்றேன்.

காலையில் தொட்டிலுக்குள் கை விட்டேன். சில்லென்று இருந்தது.

தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கும் என்றார்கள். கண் பட்டது என்றார்கள். காற்று கருப்பு என்றார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நானும் என்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, அந்தக் கோயமுத்தூர் டாக்டர் பேனாவைக் கீழே வைக்கும் வரைக்கும்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் என்றாலே பயம். யாழினி பகலில் கண் அசந்தாலும் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். வகுப்பில் பாடம் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடுவேன். பத்து மணி ஆகிவிட்டதே, பிஸ்கட் தின்றிருப்பாளா? அவளுடைய டீச்சரிடம் ஆள் அனுப்பிக் கேட்பேன். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என்னால் கதிர்வேலிடம் மட்டும் அதைப் பேச முடியவில்லை. "நீதானே தூங்கட்டும்னு சொன்ன" என்று ஒரு தடவை அவர் கேட்டுவிட்டால்? அந்த ஒரு பயத்திலேயே வருஷங்கள் ஓடின.

மறித்த ரோடு

ஹர்த்தால் காலைக்கு வருகிறேன். ஒரு வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் மலையாளத்தில் பெரிதாக "ஆஸ்பத்திரி" என்று எழுதி வண்டிக் கண்ணாடியில் ஒட்டினேன். தேங்காய் ஏற்றும் பிக்கப் வண்டி. யாழினியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று கதிர்வேல் சொன்னார்.

முதல் முக்கில் தாளைப் பார்த்ததுமே விட்டுவிட்டார்கள். இரண்டாவது முக்கில் ரோட்டின் குறுக்கே கல் அடுக்கியிருந்தது. கொடி பிடித்த ஒருவர் வந்து உள்ளே குனிந்தார். யாழினி நிமிர்ந்து உட்கார்ந்து அவருடைய கொடியை வேடிக்கை பார்த்தாள்.

"குட்டிக்கு என்ன?"

"வாந்திங்க. ஒடனே குளுக்கோஸ் ஏத்தோணும்" என்றேன்.

"கண்டா ஒண்ணும் தோணலியே. நல்லாத்தானே இருக்கு?"

ஆமாம், பார்த்தால் நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு இருந்த பயமே அதுதான். ரத்தம் கொட்டினால் எல்லோரும் வழிவிடுவார்கள். உள்ளே ஒவ்வொரு செல்லாகப் பட்டினியில் அணைந்துகொண்டிருப்பதை யாருக்குக் காட்டுவது?

கதிர்வேல் இறங்கிப் போனார். கையெடுத்துக் கும்பிட்டார். யாரிடமும் குனியாத மனிதர். "ஒரு புள்ளயக் குடுத்துட்டேனுங்க. இதையாச்சும் விடுங்க" என்றார்.

அந்த ஆள் அவரையே பார்த்தார். அப்புறம் தானே குனிந்து கல்லை நகர்த்தினார்.

எண்பத்தொன்று

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு டாக்டர். இளம் பெண். தெற்கே எங்கிருந்தோ வந்தவர், மலையாளம் கலந்த தமிழ். யாழினியின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். எண்பத்தொன்று.

"நார்மல் ஆணு அம்மா. ஓஆர்எஸ் கொடுத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம்."

பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த கோயமுத்தூர் டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். சர்க்கரை சரியாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம் என்று அதில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தார்.

"இது பழைய கடிதம். குழந்தை டாக்டர் இன்னைக்கு இங்க இல்ல. பாலக்காட்டுக்குக் கொண்டு போறதாணு நல்லது."

"அத்தன தூரம் எத்தன எடத்துல மறிச்சிருக்காங்களோ தெரியலீங்க" என்றார் கதிர்வேல்.

கோயமுத்தூருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. யாழினி என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"தூக்கம் வருதும்மா."

அவள் முகத்தை நிமிர்த்திப் பிடித்தேன். "தூங்காதே கண்ணு. அம்மாவப் பாரு. இங்க பாரு, அந்த பல்லியப் பாரு." என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல் பேசினேன்.

டாக்டரிடம் திரும்பினேன். "சர்க்கரை கடைசியாத்தான் எறங்கும் டாக்டர். எறங்கினதுக்கு அப்புறம் நேரம் இருக்காது. நான் உயிரியல் டீச்சர். கெஞ்சிக் கேக்கறேன். இங்க ஆரம்பிச்சுட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "டீச்சர், எனக்குப் பேடியா இருக்கு. இத நான் புஸ்தகத்தில மட்டும்தான் படிச்சிருக்கேன்" என்றார்.

"எனக்கும் பயந்தான்" என்றேன். "போட்டா இவளுக்குக் கெடுதல் இல்ல. போடாட்டித்தான்."

கடிதத்தை மேசைமேல் வைத்தார். "சிஸ்டர், டிரிப் எடுங்க."

நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் இடது கையில் குத்தினார், வலது கையில் குத்தினார். மெலிந்த கோடு ஒன்று தெரியும். ஊசி போனதும் மறைந்துவிடும். முதல் குத்துக்கு யாழினி அழுதாள். இரண்டாவது குத்துக்கு முனகினாள். மூன்றாவதுக்குச் சத்தமே இல்லை. என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே பயங்கரமானது அந்தச் சத்தமின்மைதான்.

டாக்டர் மறுபடியும் விரலில் குத்திப் பார்த்தார். நாற்பத்தாறு.

அந்த எண்ணை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. கருவியை எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு நொடி பிடித்துவிட்டு, பாதத்தைத் தேய்த்து, தானே ஊசியை எடுத்தார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. கதிர்வேல் பிள்ளையின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊசிக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் ஏறியது.

"கிட்டி" என்றார் டாக்டர், நரம்பு கிடைத்துவிட்டது என்று.

முதலில் சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளினார். பிறகு பாட்டிலைத் தொங்கவிட்டார். நான் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு சொட்டும் ரத்தத்தில் கலந்து, செல்லுக்குள் போய், எரிந்து... வேண்டாம் என்று மனதை நிறுத்தினேன். பாடம் நடத்த இது நேரமில்லை.

கால் மணி நேரமா, அரை மணி நேரமா, தெரியாது. யாழினி கண்ணைத் திறந்து, "கால் வலிக்குது" என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கோயமுத்தூர் டாக்டர் திரும்பக் கூப்பிட்டபோது சர்க்கரை நூற்றுக்கு மேலே போயிருந்தது. சாயங்காலம் ஹர்த்தால் முடிந்ததும் கோயமுத்தூருக்கு அழைத்து வரச் சொன்னார். அதுவரை பாட்டிலை நிறுத்தக் கூடாது என்றார்.

தொட்டில்

மத்தியானம் யாழினி சாதாரணமாகத் தூங்கினாள். இரண்டு பேரும் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதிர்வேல் திடீரென்று முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். முகிலனை எடுத்துப் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

எனக்கு இனிமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது. "நாந்தானுங்க தூங்கட்டும்னு சொன்னேன். நீங்க பால் கொண்டாந்தீங்க. நாந்தான் வேண்டாம்னேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது இல்ல புள்ள."

"பின்ன?"

"விடியறதுக்கு முன்னால மோட்டார் போட எந்திரிச்சேன். தொட்டில்ல சிணுங்கினான். உன்ன எழுப்பலாம்னு வந்தேன். நீ அசந்து கெடந்த. பாவமா இருந்துச்சு. நானே ரெண்டு ஆட்டு ஆட்டுனேன். சத்தம் நின்னுது. தூங்கிட்டான்னு நெனச்சு மோட்டாருக்குப் போயிட்டேன்."

எட்டு வருஷம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உண்மையை எழுதுவதானால் முழுதாக எழுத வேண்டும். ஒரு நொடி அவர்மேல் எனக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம் வந்தது. என்னை எழுப்பியிருந்தால், அப்போதே பால் கொடுத்திருந்தால் என்று என்னென்னவோ ஓடியது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நானும் முகிலன்மேல் இரக்கப்பட்டுத்தானே தூங்க விட்டேன்? அவர் என்மேல் இரக்கப்பட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது எதுவும் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சேறு காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"யாரும்மா தொட்டில்ல?"

திரும்பினோம். யாழினி விழித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். கதிர்வேல் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உன்ற அண்ணன், சாமி. முகிலன்னு பேரு. நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்தான்."

"எங்க போயிட்டான்?"

"செத்துப் போயிட்டான்."

"எனக்கு வந்த மாதிரியா?"

"ஆமா."

அவள் காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். "அவனுக்கு இது போடலியாப்பா?"

கதிர்வேல் அவள் காலைத் தடவினார். நான்தான் பதில் சொன்னேன்.

"போடோணும்னு எங்களுக்குத் தெரியல கண்ணு."

யாழினி என் பக்கம் திரும்பினாள்.

"இப்பத் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"அப்ப இட்லி குடு. பசிக்குது."

ஹர்த்தால் அன்றைக்கு இட்லிக்கு எங்கே போவது? டாக்டரம்மா தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே இரண்டு தோசை இருந்தது. யாழினி ஒன்றரை தின்றாள். மீதி அரையை அவளுடைய அப்பாவுக்கு ஊட்டிவிட்டாள். அவர் வாயை மூடி மென்றுகொண்டே அழுதார்.